என் முகத்தின் மேல் ஒன்பது குஞ்சுகள்

மதுரையில் பிளெக்ஸ் பேனர் அடித்துப் பிழைக்கிறவனுக்குத் தீராத பிரச்சினை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கூரை ஒழுகுகிறதா, பிளெக்ஸ். வண்டி வெயிலில் காய்கிறதா, பிளெக்ஸ். வடகம் போட இடமில்லையா, யாரோ வாங்காமல் விட்டுப்போன வளைகாப்புப் பேனரைத் திருப்பி மொட்டைமாடியில் விரித்தால் ஆயிற்று. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரொம்ப வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். காதுகுத்தில் ஆரம்பித்துக் கண்ணீர் அஞ்சலி வரைக்கும் ஒரு மனுஷனின் முழு ஆயுளையும் நாலு டெம்ப்ளேட்டில் அடக்கிவிடுவேன். அம்புட்டுக் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் நான்கு கோழிக்குஞ்சுகளின் காலைக் கெடுத்த கதைதான் இது.

வீடு விளாங்குடியில். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வீடு. தெற்குவாசலில் முப்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். கண் மங்க ஆரம்பித்ததும் கடையை விட்டுவிட்டு, டவுன் நெரிசல் போதும் என்று இங்கே வந்து வீடு கட்டினார். அவர் வீட்டுக்காரம்மாவை நாங்கள் அக்கா என்போம். ஒரே மகன் சென்னையில். அவர்கள் ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டுச் சாவி எங்கள் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். நாங்கள் போனால் எங்கள் சாவி அவர்கள் பிரிட்ஜ் மேல் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கொடுப்பார்கள், வாங்கி மாட்டுவோம்.

இரண்டு வீட்டுக்கும் கொல்லைப்புறம் ஒரே அளவு. அவருடையது மண். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, நடுவில் கோழிகள். என்னுடையது டைல்ஸ். வீட்டைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்கூடத் தெரியக்கூடாது என்று முழுக்கப் பதித்துவிட்டேன். பளபளவென்று இருக்கும். பதித்த மாசமே என் மனைவி அதில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். "பாத்து நடக்கணும்" என்று அறிவுரை சொன்னேன். "தரையா போட்டிருக்கீங்க, எண்ணெ தடவுன தோசைக்கல்லுல்ல போட்டிருக்கீங்க" என்றாள். அன்றைக்கே எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பாய்க்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். நெஞ்சைத் திறந்துதான் சரி செய்யணும், சென்னைக்கு வரச் சொல்லி மகன் ஏற்பாடு செய்துவிட்டான். அதற்கு முந்தின மாசம்தான் தெருநாய்கள் புகுந்து அவருடைய சேவலையும் மூன்று கோழிகளையும் கொன்று போட்டிருந்தன. தப்பியது ஒரே ஒரு சாம்பல் நிறக் கோழி. அது இப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது, அடியில் பதினொரு முட்டை. இங்கே வீடு கட்டி வந்த வருஷம் அவர் கூடையில் கொண்டுவந்த கோழியின் வழியில் மிச்சம் அதுவும் அந்தப் பதினொன்றும்தான்.

கிளம்புகிற நாள் காலையில் கோழியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்தார். கூடைக்குள் மணல். மணலுக்குள் ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு. இடி இடித்தால் முட்டை கெட்டுப் போகாமலிருக்க என்றார். பின்னாலேயே அக்கா ஒரு சாக்கு உமியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இன்னைக்குப் பன்னெண்டாவது நாளு. இன்னும் ஒம்போது நாள்ல பொரிச்சிரும்" என்றார் பாய். "பொரிச்ச மறுநாள் கூடைய எடுத்துருங்க. தரையில மணலைப் போட்டு, மேல உமியை ரெண்டு விரல்கட கனத்துக்குப் பரப்புங்க. மணலு எங்க வீட்டுப் பின்னால சலிச்சுக் குமிச்சு வச்சிருக்கேன். சாவிதான் உங்ககிட்ட இருக்குல்ல."

"பாய், நீங்க ஆபரேஷனுக்குப் போறீங்களா, கோழிப்பண்ணைக்கு கிளாஸ் எடுக்குறீங்களா" என்றேன்.

"ரெண்டும்தான்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "நான் திரும்பி வரும்போது குஞ்சு ஓடணும் தம்பி. அதைப் பாக்கணும்."

அவர் ஆட்டோவில் ஏறினதும் அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஒரு வாரமா முட்டையைப் பத்தித்தான் பேசுறாரு. ஆபரேஷனப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேங்குறாரு. பயந்துக்கிட்டு இருக்காரு. நீங்களும் கும்பிட்டுக்கங்க."

ஆக, நான் பார்த்துக்கொள்ள வேண்டியது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

உமிச் சாக்கை எங்கே வைப்பது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொல்லைப்புறச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நாலாவது நாள் மத்தியானம் ஒரு கோடை மழை கொட்டியது. கடையில் உட்கார்ந்து, அடடா ஊர் குளுந்துருச்சே என்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உமி கஞ்சியாக ஊறியிருந்தது. இரண்டு நாளில் புளித்த வாடை, அப்புறம் வெள்ளைப் பூசணம். ஊருக்கெல்லாம் பிளெக்ஸ் போடுகிறவன், ஒரே ஒரு சாக்கின் மேல் ஒரு முழத் துண்டை மூடவில்லை. என் மனைவி சாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது.

சரி, வேறு என்ன விரிப்பது என்று விசாரணையில் இறங்கினேன். ஒரு கோழிக்குப் படுக்கை தேட நான் பட்ட பாட்டை என் கல்யாணத்துக்குக் கட்டில் வாங்கும்போது பட்டிருந்தால் இன்றைக்கும் முதுகுவலி இல்லாமல் இருப்பேன். வைக்கோல் போடலாம் என்றார் டீக்கடைக்காரர். குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும் என்றார் அவர் கடையில் டீ குடித்தவர். கடலைத்தோடு நல்லது என்று எண்ணெய்ச் செக்கில் சொன்னார்கள். ஒரு பை அள்ளி மோந்து பார்த்தேன், ஏற்கெனவே என் உமிச் சாக்கின் வாடை அடித்தது. தேங்காய் நார்த்தூளைத் தொட்டதுமே எனக்கு ஏழு தும்மல். பேப்பர் விரிக்கலாமே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்கியே வருஷமாயிற்று. செய்தியெல்லாம் செல்போனில். அதை விரிக்க முடியாது.

கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மரப்பட்டறை இருக்கிறது. போய் மரத்தூள் கேட்டேன். ஆசாரி, கோழிக்கு என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தூளு வேணாம்ணே. குஞ்சு அதை இரைன்னு நெனச்சுக் கொத்தித் திங்கும். உள்ள போயி அடைச்சுக்கிரும். இன்னைக்கு இங்க கெடக்குறது வேற பிளைவுட் தூளு, பசை கலந்தது. ரெண்டு நாள் பொறுங்க, ஒரு கதவு வேலை வருது. இழைக்கும்போது சுருளு சுருளா சீவல் விழும். அதைச் சேத்து வைக்கிறேன். மெத்தை மாதிரி இருக்கும்."

"ரெண்டு நாளா? குஞ்சு நாளைக்கே வந்துருமே."

"ரெண்டு நாளைக்கு ஒரு சாக்க விரிச்சு விடுங்கண்ணே. இதுக்குப் போயி."

வீட்டில் வந்து சொன்னால், என் மனைவியும் அதே பாட்டு. "சணல் சாக்கு ரெண்டு இருக்கு. வெட்டி விரிச்சாப் போதும். இல்லாட்டி, பாய் சொன்ன மணலை அள்ளிட்டு வாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான இருக்கு."

சாக்கு என்றால் கழுவ முடியாது, நாறும் என்றேன். மணல் என்றால் டைல்ஸைக் கீறிவிடும் என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைப்பது போல என் பேச்சைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆசாரி, மனைவி, பாய் என்று மூன்று பேர் நேர்வழி காட்டியும் நான் ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால் ஒரே காரணம்தான் தெரிகிறது. மூன்றும் என் மூளையில் உதித்தவை இல்லை.

என் மூளையில் உதித்தது மறுநாள் காலையில். கடையின் ஆண்டு விழாவுக்கு எனக்கு நானே அடித்துக்கொண்ட பேனர் ஒன்று பரணில் கிடந்தது. நீலக் கோட்டு போட்ட யாரோ ஒரு வெள்ளைக்காரன் உடம்பில் என் தலை. கன்னத்தை இழுத்து, தொப்பையை அழித்து, பல்லைக் கம்ப்யூட்டரில் வெளுத்திருந்தேன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத அழகு. கொல்லைப்புறத்துக்கு அளவெடுத்து அடித்தது மாதிரி இருந்தது. விரித்தேன். எச்சம் விழுந்தால் பைப்பைத் திறந்து விட்டால் போதும், ஒரு நிமிஷத்தில் சுத்தம்.

"உங்க மூஞ்சி மேலயா கோழி மேயப் போகுது" என்றாள் மனைவி.

"குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். நீ பாக்காத."

அன்றைக்கே பொரிக்கத் தொடங்கியது. பதினொன்றில் இரண்டு கூமுட்டை, மிச்சம் ஒன்பதும் வந்துவிட்டன. ஒரு குஞ்சு தாயைப் போலவே சாம்பல், மற்றவை கறுப்பும் பழுப்புமாக. மறுநாள் கூடையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தாயோடு பேனரில் இறக்கினேன். இறங்கினவை நிற்க முயன்றன. கால் இரண்டும் இரண்டு பக்கம் போயிற்று. எழுந்தன, மறுபடியும் போயிற்று. ஒன்று என் நெற்றியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வரைக்கும் வழுக்கிக்கொண்டே வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லாமல் வீடியோ எடுத்து, பின்னணியில் ஒரு குத்துப்பாட்டையும் சேர்த்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டேன். இருபது பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். 'மாப்ள, குஞ்சு டான்ஸ் ஆடுதுடா' என்று ஆனையூரிலிருந்து ஒரு நண்பன்.

சாயங்காலம் பாயிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தம்பி."

"பாய், எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். முப்பது வருஷம் ஊருக்குத் தச்சேன். இப்ப என்னையத் தச்சு விட்டிருக்காங்க." சிரிக்கப் போய் இருமினார். "சிரிக்கக் கூடாதாம். இருமல் வந்தா தலகாணிய நெஞ்சோட கட்டிக்கிட்டு இருமணுமாம். ஒம்போதா தம்பி?"

"ஒம்போது பாய். அப்படியே உங்க கோழி சாயல்ல ஒண்ணு இருக்கு."

"பாத்தேன். மகன் வீடியோவக் காட்டுனான்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "கீழ என்ன விரிச்சிருக்கீங்க?"

இந்த இடத்தில்தான் நான் என்னை இன்றைக்கும் பிடித்து நிறுத்துகிறேன். உமி நனைந்துபோச்சு பாய், என் தப்புதான், இதோ இப்பவே மணல் அள்ளிப் போடுறேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகும். ஆனால் ஆபரேஷன் ஆன மனுஷனைக் கவலைப்படுத்தக் கூடாது என்று ஒரு சாக்கு அந்த நொடியில் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நல்லவனாகவும் இருக்கலாம், திட்டும் வாங்க வேண்டாம் என்றால் யாருக்குக் கசக்கும்.

"உமிதான் பாய்."

"பளபளன்னு தெரிஞ்சுச்சு."

"அது வெயிலு பாய். டைல்ஸ்ல பட்டு மின்னுது. உமி நல்லாக் கனமாப் போட்டிருக்கேன்."

தலையணையை இழுத்து அணைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சரி தம்பி. வழுக்காமப் பாத்துக்கங்க. மொத ரெண்டு மூணு நாளு குஞ்சுக்குக் காலுதான். கால் பிடிச்சு நின்னுட்டா அப்புறம் அதுவே பொழச்சுக்கிரும்."

"நான் பாத்துக்கிறேன் பாய். நீங்க ரெஸ்ட் எடுங்க."

போனை வைத்ததும் மணல் அள்ளப் போகத்தான் எழுந்தேன். அப்போது கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மறுநாள் முகூர்த்தம், ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் பதினாறு பேனரில் தாய்மாமன் படம் சின்னதாக இருக்கிறது என்று சண்டைக்கு நிற்கிறார். போனேன். தாய்மாமனைப் பெரிதாக்கினேன். அப்புறம் சித்தப்பா சின்னதாகிவிட்டார், அவரைப் பெரிதாக்கினேன். அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும். காலையில் கிளம்பும்போது பைப்பைத் திறந்து பேனரைக் கழுவிவிடுவேன், ஈரம் மின்ன மின்ன இன்னும் அழகாக இருக்கும். ஈரத்தில் இன்னும் வழுக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. இது ஏன் இப்படி உக்காந்திருக்கு?"

"படுத்திருக்கும்."

"காலு ஒண்ணு கெழக்க போகுது, ஒண்ணு மேக்க போகுது. எந்தக் கோழி இப்படிப் படுக்கும்?"

குனிந்து பார்த்தேன். தவளையை மல்லாக்கப் போடாமல் குப்புறப் போட்டு அழுத்தினது மாதிரி, வயிறு தரையில் ஒட்டி, கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துத் தலையை நீட்டியது. இறக்கையால் துழாவியது. நகர முடியவில்லை. அந்த மாதிரி ஒன்றில்லை, நான்கு. நான்கில் ஒன்று அந்தச் சாம்பல் குஞ்சு. டான்ஸ் என்று நான் ஸ்டேட்டஸ் போட்டது இதைத்தான்.

என் மனைவி அரிவாள்மனையை எடுத்து வந்து சணல் சாக்கைக் கிழித்து விரித்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நல்ல கால் உள்ள ஐந்தும் சாக்கில் ஏறின, நகம் பிடித்துக்கொண்டது, தடதடவென்று ஓடின. அந்த ஓட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவுதான் விஷயமா. ஒரு கிழிந்த சாக்கு.

செல்போனில் தேடிப் பார்த்தேன். கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி நிற்கப் பழக்கலாம், முதல் ஒன்றிரண்டு நாளிலேயே செய்தால் சரியாகும் என்று போட்டிருந்தது. ஒன்றிரண்டு நாளைத்தான் தாய்மாமனைப் பெரிதாக்குவதில் செலவழித்திருந்தேன். இருந்தாலும் கட்டினேன். எதை வைத்து? பேனர் ஒட்டுகிற டேப்பை வைத்து. அது பேனரைப் பிடிக்கிற டேப். குஞ்சின் காலையும் அப்படியே பிடித்துக்கொண்டது. எடுக்கும்போது தோலும் வந்தது. அதன் பிறகு மனைவி என்னைக் குஞ்சின் பக்கமே விடவில்லை.

இரண்டு குஞ்சு அந்த வாரத்திலேயே செத்துப்போயின. ஒன்றைத் தாய்க்கோழியே மிதித்துவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. மற்ற குஞ்சுகள் அழைத்தால் எழுந்து ஓடும், இது ஓடாது. இன்னொன்று அதே நாளில் சும்மாவே அடங்கிவிட்டது.

புதைக்கணும். ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நின்றேன். நாலா பக்கமும் பார்த்தேன். டைல்ஸ். முன்பக்கம் போனேன். அங்கேயும் டைல்ஸ். இரண்டு கோழிக்குஞ்சைப் புதைக்க என் சொந்த வீட்டில் மண் இல்லை. வைத்துக்கொள்ளவும் முடியாமல், குப்பைத்தொட்டியில் போடவும் மனசு வராமல், கடைசியில் ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் போய் பாய் வீட்டைத் திறந்தேன்.

கொய்யா மரத்தடியில் மண் பொலபொலவென்று இருந்தது. இரண்டு கை அகலத்துக்குத் தோண்டி வைத்து மூடினேன். நிமிர்ந்தபோது மணல் குவியல் கண்ணில் பட்டது. சர்க்கரை மாதிரி சலித்த மணல். நெஞ்சுவலியோடு, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மனுஷன் குனிந்து சலித்தது. மழைத்தண்ணீர் படாமல் அதன் மேல் ஒரு பிளெக்ஸ் துண்டை மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார். அந்த பிளெக்ஸ் நான் அவருக்குச் சும்மா கொடுத்தது. அதை எங்கே போடணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாய் வந்தபோது குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கத் தொடங்கியிருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, சொந்த வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. ஊருக்கே அளவெடுத்துத் தைத்தவரின் சட்டை. ஐந்து குஞ்சுகள் சாக்கின் மேல் ஓடின. அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் மூலையில் துணிச்சுருளுக்குள் கிடந்த இரண்டையும் பார்த்தார். அருகே போய் உட்காரப் போனார், அக்கா தாங்கிப் பிடித்தார். சாம்பல் குஞ்சைக் கையில் எடுத்து இடுப்பைத் தடவினார்.

"இது எப்ப இருந்து தம்பி?"

இரண்டாவது வாய்ப்பு. கடவுள் எனக்குத் தாராளமாகத்தான் கொடுத்தார்.

"பொரிக்கும்போதே அப்படித்தான் பாய். பிறவிலயே ஏதோ கோளாறு போல. ரெண்டு செத்தும்போச்சு."

என் மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னை அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். பாய் என்னைப் பார்க்கவில்லை. கொல்லைப்புறச் சுவரில் மடித்துப் போட்டிருந்த பேனரைப் பார்த்தார். அதன் மேல் காய்ந்த எச்சம். மடிப்புக்கு வெளியே என் காதும் பாதிக் கன்னமும் தெரிந்தன.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் குஞ்சுகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அக்காவிடம் எலாஸ்டிக் துண்டு எடுத்து வரச் சொல்லி, இரண்டு குஞ்சுக்கும் கால்விலங்கு மாதிரி ஒன்றைத் தைத்தார். நூல் கோர்க்கக் கண் தெரியாமல் மூன்று தடவை தப்பியது. கோர்த்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். "இருக்கட்டும் தம்பி" என்று அக்காவிடம் கொடுத்தார். தினமும் சலித்த மணலில் அவற்றை நிறுத்தி, விழ விழ எடுத்து நிறுத்திப் பழக்கினார். டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார். அவர் குஞ்சை நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். நாள் தாண்டிய இரண்டும் தேறுவது கஷ்டம் என்று அவருக்கும் தெரியும். ஒன்று ஒரு வாரத்தில் போய்விட்டது. சாம்பல் குஞ்சு பிழைத்தது. வலது காலை இழுத்து இழுத்து நடந்தது.

மூன்று மாசம் கழித்து அவர்கள் மறுபடியும் சென்னை போனார்கள், பரிசோதனைக்கு. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். அக்கா கையில் சாவியோடு வந்தார். என்னைப் பார்த்து, "போயிட்டு வாரோம் தம்பி" என்று சிரித்தார். அப்படியே தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனார். சாவியைக் கொடுத்தார். கோழித் தீவனப் பையையும் கொடுத்தார்.

"ஏன் நம்மகிட்ட குடுக்கல" என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். அவள் காலண்டரைச் சரியாக மாட்டுவது போல ஆணியைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பாய் திரும்பி வந்த அன்றைக்குப் போனேன். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் வளர்ந்துவிட்ட அந்தச் சாம்பல் குஞ்சு. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது.

"பாய், அன்னைக்குப் போன்ல சொன்னேன்ல, உமின்னு. அது உமி இல்ல."

"தெரியும் தம்பி."

"எப்படி?"

"வீடியோவுல குஞ்சு வழுக்கிட்டுப் போன எடத்துல பல்லு தெரிஞ்சுச்சு." கோழியைக் குனிந்து பார்த்தபடி சொன்னார். "உமிக்கு ஏது தம்பி பல்லு."

சிரிப்பு வந்தது எனக்கு. சத்தியமாக வந்தது. அவரும் சிரித்தார், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தோம்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே பாய்."

"நெஞ்சைத் திறந்து மூடி வச்சிருந்த நேரம். சண்டை போடத் தெம்பு இல்ல. நீங்களா மாத்திருவீங்கன்னு நெனச்சேன். வந்து கேட்டப்பயாவது நீங்களாச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." அதற்கு மேல் அவர் இழுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "தம்பிக்கு டீ போடு" என்றார்.

டீ நன்றாகத்தான் இருந்தது. பெருநாளுக்குப் பிரியாணி இன்றும் வருகிறது, தூக்கில், நல்லி எலும்பாகத் தேர்ந்து. பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து போகிறது. சுவருக்கு மேல் பேச்சும் அப்படியேதான். ஆணி மட்டும் காலி.

கொல்லைப்புறத்தில் இரண்டு வரிசை டைல்ஸைப் பெயர்த்துவிட்டேன். மணல் வாங்கிச் சலித்துக் கொட்டியிருக்கிறேன். ஆத்து மணல் கிடைப்பதே அரிது, அலைந்து பிடித்தேன். ஒரு சாக்கு உமி, ஒரு சாக்கு மரச்சீவல். சீவல் ஆசாரி கொடுத்தது. இரண்டுக்கும் மேல் பிளெக்ஸ் மூடி, மூலைக்கு ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. "யாருக்குங்க இம்புட்டையும் சேத்து வச்சிருக்கீங்க" என்று மனைவி கேட்டாள். "இருக்கட்டும்" என்றேன்.

போன மாசம் பாயும் அக்காவும் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாம்பல் கோழி அப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது. அது எதிர் வீட்டில். ஒரு நாள் காலையில் எதிர் வீட்டு அம்மா எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

"அண்ணே, இன்னைக்குக் குஞ்சு பொரிச்சிருச்சு. எங்க வீட்டுலயும் தரை டைல்ஸுதான். கீழ என்ன போடணும்னு பாய்க்குப் போன் போட்டேன். உங்களக் கேக்கச் சொன்னாரு. 'அவருக்குத் தெரியும், பட்டுத் தெரிஞ்சவரு'ன்னாரு."

கேட்டைத் திறந்து விட்டேன். அப்புறம் சொன்னேன். கீழே மணல், மேலே உமி, ரெண்டு விரல்கட கனம். ஈரம் பட்ட இடத்தை அன்றன்றைக்கு அள்ளி மாத்தணும். பேப்பர் வேண்டாம், வழவழப்பாக எதுவும் வேண்டாம். முதல் மூன்று நாள் காலை மட்டும் பாருங்கள்.

மணல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இருங்க என்று சொல்லிவிட்டு, செங்கல்லை எடுத்து வைத்து, பிளெக்ஸை விலக்கி, இரண்டு வாளி நிறைய அள்ளினேன். தெருவைக் கடந்து கொண்டுபோய் அவர்கள் வீட்டுத் தரையில் கொட்டிக் கையால் பரப்பினேன். உமிக்கு இன்னொரு நடை. கூடையிலிருந்து சாம்பல் கோழி தலையை நீட்டி என்னைப் பார்த்தது. வலது காலை இழுத்துக்கொண்டு இறங்கி வந்து, உமியைக் கிளறிப் பார்த்துவிட்டு, குஞ்சுகளைக் கூப்பிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சுவரில், கதவுக்குப் பக்கத்து ஆணியில், பாய் வீட்டுச் சாவி தொங்கியது. வாளி இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.